ஒத்தக்கை வீரனுக்கு மாமன் சொல்றது

வாய்யா மருமவனே, உக்காரு. தே தாரிக் சொல்லவா? வலது கையால குடிப்பியா, இல்ல இப்பவே இடது கைக்கு மாறியாச்சா? கேட்டுக்கிட்டாதானே கடைக்காரன்கிட்ட கப்பை எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்ல முடியும்.

தாய்லாந்து பூக்கெட்டுல ஏதோ பயிற்சியாமே. துப்பாக்கி சுடக் கத்துக் குடுப்பாங்களாம். அதுலயும் சும்மா இல்ல, ஒரு கை ஒடிஞ்சு தொங்குது, தோள்ல குண்டு பாஞ்சிருச்சுன்னு வச்சுக்கிட்டு மிச்சமிருக்கற கையால சுடணுமாம். அதுக்குன்னு ஓவர்டைம் காசைச் சேத்து வச்சிருக்கியாம். உங்கம்மா போன்ல சொன்னா. சொல்லும்போதே அழுதா. நான் அழலை. நம்ம வம்சத்துல அடிபட்டவன் நெறைய. அடிபடறதுக்கு முன்பணம் கட்டினவன் நீதான் முதல் ஆளு. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ஒரே ஒரு சந்தேகம். நல்லா இருக்கற கையால சுடவே உனக்கு இன்னும் தெரியாதே? அதுக்குள்ள ஒடிஞ்ச கைக்குப் பாடம் படிக்கறது, பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே வக்கீலைப் பாத்து விவாகரத்துக்கு ஒத்திகை நடத்தற கதையால்ல இருக்கு?

கோவிச்சுக்காத. நீ அனுப்பின வீடியோவைக் கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் பாத்தேன். ஒருத்தன் வலது கையைத் தொங்க விட்டுட்டான். வலது இடுப்பு உறையில இருக்கற துப்பாக்கிய, இடது கையை வயித்துக்குக் குறுக்க விட்டு உருவறான். சுட்டுக்கிட்டே வந்தான், குண்டு தீந்துபோச்சு. காலி மேகசினைக் கீழ விட்டான். மண்டி போட்டான். துப்பாக்கிய முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டுப் புது மேகசினைச் செருகினான். அடுத்து ஸ்லைடைப் பின்னால இழுக்கணும், அதுக்குத்தான் இன்னொரு கை இல்லையே. துப்பாக்கி முதுகுல குறி பாக்கற முகடு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதைப் பெல்ட்டுல மாட்டி ஒரே தள்ளு. படக்குனு குண்டு ஏறிருச்சு. பெல்ட்டு தோதுப்படலைன்னா பூட்ஸ் குதிகால்ல மாட்டறான்.

அசந்துபோயிட்டேன், மருமவனே. அப்புறம்தான் உன்னை நினைச்சுப் பாத்தேன். நீ பெல்ட்டு கட்டறதில்ல. கால்ல எப்பவும் ஜப்பான் சிலிப்பர். எதுல மாட்டி இழுப்ப?

சரி, கேலிய ஓரமா வைப்போம். அந்த வித்தையில விசயம் இருக்கு. அது கூத்துக்குப் பிறந்த வித்தை இல்ல. 1986 ஏப்ரல் 11, அமெரிக்காவுல மயாமி. கொள்ளைக்காரனுங்க ரெண்டு பேரை எப்.பி.ஐ. ஆளுங்க எட்டுப் பேர் மடக்கினாங்க. அஞ்சு நிமிசத்துக்குள்ள நூத்துக்கும் மேல குண்டு பறந்துச்சு. எப்.பி.ஐ.ல ரெண்டு பேர் செத்தாங்க, அஞ்சு பேருக்குக் காயம். அதுல மெக்னீல்ங்கறவருக்குக் கையில அடி. கை ரத்தக்களரி, தன் ரிவால்வருக்குத் திரும்பக் குண்டு போட முடியலை. ஹான்லன்ங்கறவருக்குக் குண்டு போட்டுக்கிட்டிருக்கும்போதே கையில அடி. மிரெலஸ்ங்கறவருக்கு இடது முன்னங்கை எலும்பே நொறுங்கிப்போச்சு. அந்த மனுசன் தரையில சாஞ்சுக்கிட்டு, ரெண்டு கையால இழுக்க வேண்டிய பம்ப் ஷாட்கன்னை ஒத்தக் கையால இழுத்து இழுத்துச் சுட்டாரு. அப்புறம் ரிவால்வரை எடுத்துக்கிட்டு எழுந்து நடந்து போய்க் கதைய முடிச்சாரு.

கவனிச்சியா, எத்தன பேருக்குக் கையிலயே அடின்னு? துப்பாக்கிய நெஞ்சுக்கு முன்னால நீட்டிப் பிடிச்சா, எதிராளிக்கு முதல்ல தெரியறது அந்தக் கைதான். அவன் சுடறதும் பல தடவை அங்கதான் வந்து விழும். மயாமிக்கு அப்புறம் எப்.பி.ஐ. புது ரகத் தோட்டாவுக்கே மாறிச்சு. ஒத்தக் கைப் பயிற்சிக்கும் மவுசு கூடிச்சு. தெருவுல துப்பாக்கியோட நிக்கறது யாருக்குச் சோறோ, அவனுக்கு அது வேணும்.

வேணுங்கறவனும் அதை எப்படிப் பழகறான்னு கேட்டியா? பெல்ட்டுல மாட்டி, முட்டியில இடுக்கி, முதுகுப் பக்கம் வளைச்சு விளையாடும்போது, துப்பாக்கி வாய் பாதி நேரம் சொந்தத் தொடையத்தான் பாத்துக்கிட்டிருக்கும். விரல் கொஞ்சம் உள்ள போச்சு, முடிஞ்சது. அதனால விவரமான வாத்தியாரு முதல்ல நீலக்கலர் பிளாஸ்டிக் துப்பாக்கியக் குடுப்பாரு. அதுல குண்டே ஏறாது. அடுத்து அசல் துப்பாக்கி, ஆனா மருந்தில்லாத டம்மி தோட்டா. அதுக்கு மேல ஆளோட ஆள் மோதிப் பாக்கறதுக்குச் சாயம் தெறிக்கற தோட்டா, மூஞ்சிக்குக் கவசம். நிசத் தோட்டா கடைசிப் படி. உன் பூக்கெட் வாத்தியாரு முதல் நாளே நிசத் தோட்டாவை நீட்டினா, வாங்காம வந்துரு. அடிபட்டவனா நடிக்கப் போயி அடிபட்டே வந்தான்னு பத்துமலை பூரா பேர் வாங்காத.

இன்னொருத்தர் கதையும் கேளு. ஹங்கேரி ராணுவத்துல சார்ஜன்ட், கரோலி டகாச்னு பேரு. பிஸ்டல்ல கெட்டிக்காரரு. 1938ல பயிற்சியில ஒரு கையெறிகுண்டு வலது கையிலயே வெடிச்சிருச்சு. சுடற கை போச்சு. ஆஸ்பத்திரிய விட்டு வந்து, யாருகிட்டயும் மூச்சு விடாம இடது கையால பழகினாரு. அடுத்த வருசமே அவரு நாட்டுச் சாம்பியன். நடுவுல சண்டை வந்து ஒலிம்பிக்கே நடக்கலை. 1948 லண்டன்ல தங்கம், 1952 ஹெல்சிங்கியில திரும்பவும் தங்கம். ரெண்டும் இடது கையால. நீயும் இடது கையால ஒரு சாதனை பண்ணிட்டுதான் வந்திருக்க, எனக்குத் தெரியும். வலது கையில போனைப் பிடிச்சுக்கிட்டு இடது கையால ரொட்டி சானாய் பிய்க்கறியே, எல்லாராலயும் ஆகாது.

டகாச்சுக்குத் துப்பாக்கி தொழிலு. மிரெலஸுக்கும் தொழிலு. உன் தொழிலு ஷா ஆலம்ல போர்க்லிஃப்ட். பூக்கெட்டுல கத்துக்கிட்டு வந்ததை இங்க எதை வச்சுப் பழகிக்குவ?

நம்ம மலேசியாவுல 1960ஆம் வருச ஆயுதச் சட்டம் ஒண்ணு இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஒரு தோட்டா வச்சிருந்தாலும் கேள்வி வரும். 1971ல அதுக்கு மேல இன்னொரு சட்டம் போட்டாங்க. கள்ளத் துப்பாக்கி வச்சிருந்தா பதினாலு வருசம் வரைக்கும் உள்ள. கூடவே ஆறு அடிக்குக் குறையாம ரோத்தான் பிரம்படி. கொள்ளை, ஆள் கடத்தல்னு போயி அதுல சுட்டுட்டா, 2023 வரைக்கும் கட்டாயத் தூக்கு. அதுக்கப்புறம்தான் நீதிபதி பாத்து முடிவு பண்ணலாம்னு ஆச்சு. 'அசல் வேணாம் மாமா, விளையாட்டுத் துப்பாக்கி வாங்கிக்கறேன்'னு சொல்லுவ. ஏர்சாஃப்ட், ஜெல் உருண்டைத் துப்பாக்கி எல்லாம் போலி ஆயுதம்னு அந்த 1960 சட்டத்துல மாட்டும். இணையத்துல வாங்கினவன் வீட்டுக்குப் பார்சலுக்குப் பதிலா போலீஸ் வரும். ரோத்தான் வாங்கினாலும் ஒரு லாபம் இருக்கு, மருமவனே. அதுக்கப்புறம் அடிபட்டவனா நடிக்கவே வேண்டியதில்ல. உக்காரவும் முடியாது, நின்னுக்கிட்டே பழகலாம்.

இது இன்னைக்கு வந்த கண்டிப்பு இல்ல. எஸ். ஏ. கணபதி பேரு கேள்விப்பட்டிருக்கியா? மலாயாத் தொழிற்சங்கங்களுக்கெல்லாம் தலைவரா இருந்த தமிழ் ஆளு. வெள்ளைக்காரன் ஆட்சியில அவசரகாலம் வந்தப்ப சங்கத்தைத் தடை பண்ணிட்டாங்க. 1949ல, இங்கேருந்து கொஞ்ச தூரத்துல ரவாங் பக்கத்துல, ஒரு கைத்துப்பாக்கியோட பிடிபட்டாரு. போலீஸ்ல ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன்னு சொன்னாரு. கோர்ட் நம்பலை. மே 4ஆம் தேதி புடு சிறையில தூக்குல போட்டாங்க. அந்தத் துப்பாக்கியால யாரையும் சுட்டாருன்னு குத்தமே இல்ல, வச்சிருந்தாருங்கறதுதான் குத்தம். தோட்டத்துல எங்கப்பா காலத்து ஆளுங்க அந்தப் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்குவாங்க. இப்ப புடு சிறை இருந்த இடத்துல லாலாபோர்ட் மால் நிக்குது. நீ அங்கதான் போன மாசம் சிலிப்பர் வாங்கின.

மாமனுக்குத் துப்பாக்கி வாசமே தெரியாதுன்னு நினைச்சிராத. ரேலா தொண்டர் படையில இருந்தவன் நான். சட்டை குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க, நமக்கு மேல இருந்தவருக்கு ஷாட்கன் குடுத்தாங்க. எனக்கு ஒரு விசில். அதுல ஒரு வசதி, எந்தக் கை ஒடிஞ்சாலும் ஊதலாம்.

இப்ப அந்தப் பக்கம் திரும்பிப் பாரு. பத்துமலைக் கோயிலுக்கு இருநூத்தி எழுபத்திரெண்டு படி. தைப்பூசம்னா அதுல காவடி ஏறும். தைப்பூசம் இங்க 1892லேருந்து நடக்குது. முதுகு பூரா கொக்கி, நாக்குல அலகு, தோள்ல ஆளுயரக் காவடி. விரதம் இருந்து, மனசைத் தயார் பண்ணிக்கிட்டு, உண்மையாவே உடம்பைக் குத்திக்கிட்டு நடக்கறான். குத்தின இடத்துல விபூதியை அப்பிக்கிட்டு மலை ஏறறான். நீ என்னடான்னா குத்தவே குத்தாத காயத்துக்குப் பிளைட் ஏறப் பாக்கற.

எல்லாரும் அந்தக் காவடிக்காரனைத்தான் பாக்கறாங்க. நான் உனக்குக் காட்ட நினைக்கறது அவனை இல்ல. அவனுக்குப் பின்னால ஒருத்தன் வருவான் பாரு, கையில ஒரு மர ஸ்டூலோட. காவடிக்காரன் கால் தள்ளாடறதுக்கு ஒரு நொடி முன்னாலயே ஸ்டூல் அவனுக்குக் கீழ வந்துரும். இன்னொருத்தன் கால்ல தண்ணி ஊத்துவான். இன்னொருத்தன் முன்னால ஓடிக் கூட்டத்தை விலக்குவான். கொக்கிக் கயித்தைப் பிடிச்சவன், எங்க இழுக்கணும் எங்க விடணும்னு முதுகைப் பாத்துக்கிட்டே வருவான். உறுமி அடிக்கறவன் காவடிக்காரன் மூச்சுக்குத் தக்கபடி அடிப்பான். ஒத்த ஆளு ஏறினதா யாராவது சொன்னா நம்பாத, அங்க ஒரு கூட்டமே ஏறுது. போட்டோ மட்டும் ஒருத்தனுக்கு. ஸ்டூல்காரன் மூஞ்சிய எந்தப் பேப்பர்லயும் போட்டதில்ல. உங்க தாத்தா காவடி எடுத்தப்ப ஸ்டூல் தூக்கினவன் நான். வீட்டுல மாட்டியிருக்கற படத்துல என் முழங்கை மட்டும் இருக்கு, போய்ப் பாரு.

உன் வீடியோவுல அந்த ஸ்டூல்காரனை நான் தேடினேன். இல்ல. அடிபட்டவன் ஒத்தையா நிக்கறான், ஒத்தையா மண்டி போடறான், ஒத்தையா செயிக்கறான். எல்லாரும் அடிபட்ட வீரனாத்தான் ஒத்திகை பாக்கறீங்க. அடிபட்டவன் பக்கத்துல நிக்கறவனா ஒத்திகை பாக்க எவனும் காசு கட்டறதில்ல. நிசத்துல உனக்குக் கிடைக்கப் போற வேசம் எதுன்னு நினைக்கற? ஆயிரத்துல ஒரு தடவை முதல் வேசம். மிச்சமெல்லாம் ரெண்டாவது வேசம்தான், அய்யா.

நம்ம பொம்பளைங்க அந்த ரெண்டாவது வேசத்தைப் பாத்துட்டாங்க. 1943ல நேதாஜி சிங்கப்பூர்ல ராணி ஜான்சி படை ஆரம்பிச்சாரு. தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்த பொண்ணுங்க கத்திய வச்சுட்டு ரைபிளைத் தூக்கினாங்க. கோலாலம்பூர்ப் பொண்ணு ஜானகி தேவர், இருபது வயசு கூட ஆகலை, படையில மேல வந்து ரெண்டாவது இடத்துல நின்னாங்க. தலைவி கேப்டன் லட்சுமி மெட்ராஸ்ல படிச்ச டாக்டர். பயிற்சி எல்லாம் சுடறதுக்குத்தான். பர்மாவுக்குப் போன பிறகு, மேம்யோ ஆஸ்பத்திரியில அவங்களுக்கு வாய்ச்ச வேலை காயம் கட்டறது. காய்ச்சல்லயும் வயித்துப்போக்குலயும் விழுந்த சிப்பாய்களைத் தூக்கி உக்கார வச்சுக் கஞ்சி ஊட்டறது. ரைபிள் பிடிச்ச கைக்கு அது கொறச்சல்னு அவங்க நினைக்கலை. பர்மாவுல ஆஸ்பத்திரி மேலகூடக் குண்டு விழுந்துச்சு. அப்பவும் கட்டுப் போட ஆள் வேணுமே.

பர்மா தூரம். எம்.ஆர்.ஆர்.2 நெடுஞ்சாலை உன் வீட்டு வாசல். மலேசியாவுல வருசத்துக்கு ஆறாயிரம் பேருக்கு மேல ரோட்டுல சாகறாங்க. அதுல பாதிக்கு மேல மோட்டார்ல போறவங்க. நீயும் மோட்டார், உன் கூட்டாளிங்களும் மோட்டார். மழை பேஞ்ச சாயங்காலம், ஒருத்தன் லோரிக்குப் பக்கத்துல சறுக்கி விழுந்து தொடையில ரத்தம் பீச்சிக்கிட்டு கெடக்கான்னு வையி. அப்ப உன் கைத் துப்பாக்கி வித்தை எதுக்கு உதவும்? பெரிய நாளம் அறுந்தா ரத்தம் போயி ஆள் முடியறதுக்குச் சில நிமிசம் போதும். ஆம்புலன்ஸ் ஜாலான் ஈப்போ நெரிசல்ல ஊளையிட்டுக்கிட்டு நிக்கும். அந்த நிமிசம் பூரா உன் கையிலதான் இருக்கு. நீ என்ன பண்ணுவ? போனை எடுத்து வீடியோ பிடிப்ப. ஒத்தக் கையாலயே பிடிப்ப, அதுல நீ கில்லாடி.

அப்ப செய்ய வேண்டியது இது. 999க்கு ஒருத்தனைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு. 'யாராவது கூப்பிடுங்க'ன்னா யாரும் கூப்பிட மாட்டான். கிடைச்ச சுத்தமான துணிய மடிச்சுக் காயத்து மேல வச்சு, உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்து. நின்னுச்சா நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்காத. ஏதாவது குத்தி நின்னா பிடுங்காத. கை காலுல அடங்கவே மாட்டேங்குதுன்னா டூர்னிகே பட்டைய எடு. காயத்துக்கு மேல, உடம்புப் பக்கமா, ரெண்டு மூணு அங்குலம் தள்ளிக் கட்டு. முட்டி மேலயோ முழங்கை மேலயோ கட்டாத. கூட இருக்கற குச்சியைத் திருகி, ரத்தம் நிக்கற வரைக்கும் இறுக்கு. அவன் வலியில உன்னைக் குடும்பத்தோட திட்டுவான். வாங்கிக்க. கட்டின நேரத்தை எழுதி வை. டாக்டர் அவுக்கற வரைக்கும் தளர்த்தாத.

இதுல உனக்கு ஒரு சந்தோசச் சேதி. அந்த டூர்னிகே பட்டை இருக்குல்ல, அடிபட்ட சிப்பாய் தன் கையில தானே ஒத்தக் கையால போட்டுக்கணும்னுதான் அதைச் செஞ்சாங்க. உன் ஒத்தக் கை ஆசையும் அங்கயே தீந்துரும். லைசென்ஸ் வேணாம், ரோத்தான் இல்ல.

வீட்டுலயும் ஒரு பரீட்சை வச்சுக்க. ஞாயித்துக்கிழமை காலையில வலது கைய சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு இரு. பல் தேய், சிலுவார் மாட்டு, ஹெல்மெட் வாரைப் போடு, மோட்டார் ஸ்டாண்டைத் தட்டு. கடைசியா போனைத் திற. திறக்காது. உன் வலது கட்டைவிரலை மட்டும்தானே பதிஞ்சு வச்சிருக்க? ரோட்டுல வலது கை போன அன்னைக்கு, உன் போனே உன்னைப் பாத்து நீ யாருன்னு கேக்கும். அந்த நிமிசமே இடது கை விரலையும் பதிஞ்சு வை. பூட்டின திரையிலயே உங்கம்மா நம்பரும் உன் ரத்த வகையும் தெரியறபடி பண்ணி வை. பூக்கெட் வாத்தியாரு இதைச் சொல்லித் தந்தா நான் காதை அறுத்துக்கறேன். பயப்படாத, ரத்தத்தை நிறுத்தத்தான் இப்ப சொல்லிக் குடுத்திட்டேனே.

நடிச்சுத்தான் கத்துக்கணும்னு உனக்கு ஆசைன்னா அதுக்கும் வழி இருக்கு. தைப்பூசத்துல முதலுதவிக் கூடாரம் போட்டு நிக்கறாங்களே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பிள்ளைங்க, அவங்களையும் செம்பிறைச் சங்கத்தையும் போய்ப் பாரு. இந்த மாதிரிப் பயிற்சியில ஒருத்தனைப் படுக்க வச்சு, மெழுகுலயும் சிவப்புச் சாயத்துலயும் காயம் வரைஞ்சு, ஓன்னு கத்த விட்டு, மத்தவங்க ஓடி வந்து கட்டுப் போட்டுப் பழகுவாங்க. ஆனா நீ படுக்கற ஆளா போகாத. கட்டுப் போடற ஆளா போ. படுக்கற வேசத்துக்கு என் பேரைக் குடு. வேலையில இருந்த காலத்துலயே மத்தியானத்துல அசையாம கெடக்கப் பழகினவன் நான், ஒப்பனை கூட வேணாம். தே தாரிக்குக் காசு நீ குடுத்துரு, அடிபட்டவன்கிட்ட யாரும் காசு வாங்க மாட்டாங்க.